அடியா, பிடியா? காமா பயில்வானின் வாழ்க்கை தரும் விடை

தஞ்சோங் பகாரில் வேலை முடிந்ததும் சிலர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடத்துக்குப் போகிறார்கள். சிலர் முவே தாய் பழகுகிறார்கள். சிலர் ஜியு-ஜிட்சு.

இரண்டு தரப்பும் சந்தித்தால் ஒரே வாக்குவாதம்தான். குத்தி உதைக்கிறவர் ஜெயிப்பாரா? பிடித்துக் கீழே தள்ளுகிறவர் ஜெயிப்பாரா?

தமிழில் இதை இரண்டே சொல்லில் கேட்டுவிடலாம். அடியா, பிடியா? குத்துச்சண்டையும் நம்ம குத்துவரிசையும் அடி. மற்போர், அதாவது குஸ்தி, பிடி.

இந்தக் கேள்வி புதுசு இல்லை. விடை தேட உதவும் வாழ்க்கை ஒன்று உண்டு. அவர் பெயர் காமா பயில்வான். 2022 மே 22ஆம் தேதி கூகல் முகப்பில் கதாயுதத்தோடு ஒரு மீசைக்காரரின் படத்தைப் பார்த்த நினைவு இருக்கிறதா? அவர்தான்.

<b>யார் இந்தக் காமா?</b>

இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878ஆம் ஆண்டு பஞ்சாபில் மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். உறவினர்கள்தான் வளர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

10 வயதில் ஜோத்பூர் மன்னர் நடத்திய போட்டியில் கலந்துகொண்டார். யார் அதிக நேரம் பஸ்கி எடுக்கிறார் என்பதுதான் போட்டி. 400க்கும் அதிகமான பயில்வான்கள் வந்தார்கள் என்றும், கடைசி 15 பேரில் இந்தச் சிறுவனும் நின்றான் என்றும் சொல்வார்கள். பிறகு தாத்தியா சமஸ்தானத்தின் ஆதரவு கிடைத்தது.

ஒரு நாளைக்கு 5,000 பஸ்கி, 3,000 தண்டால் எடுத்தார் என்பது இன்றும் உலவும் பேச்சு. பக்கத்தில் நின்று எண்ணியவர் யார் என்று கேட்காதீர்கள்! ஆனால் அவருடைய பலம் தோளில் மட்டும் இல்லை, தொடையிலும் மூச்சிலும் இருந்தது என்பது இதிலிருந்து புரியும்.

<b>லண்டனில் என்ன நடந்தது?</b>

1910ஆம் ஆண்டு வங்காளச் செல்வந்தர் ஒருவரின் செலவில் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் லண்டன் போனார்கள். அங்கே காமாவைப் போட்டியில் சேர்க்கவே இல்லை. காரணம் அவருடைய உயரம். சுமார் 170 சென்டிமீட்டர்தான்.

காமா சும்மா திரும்பவில்லை. எந்த எடைப் பிரிவாக இருந்தாலும் சரி, 30 நிமிடத்தில் 3 பேரைச் சாய்க்கிறேன் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலர் மோதிப் பார்த்தார். தோற்றார்.

அடுத்து வந்தவர் போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. அந்தக் காலத்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர். எடையிலும் காமாவைவிட அதிகம். 1910 செப்டம்பர் 10ஆம் தேதி இருவரும் மோதினர்.

தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். ஆனால் ஸ்பிஸ்கோ எழுந்திருக்கவே இல்லை. தரையோடு ஒட்டிக்கொண்டார். எதிராளியின் இரண்டு தோளும் தரையில் பட்டால்தான் வெற்றி. குப்புறக் கிடப்பவரின் தோளைத் தரையில் படவைக்க முதலில் அவரைப் புரட்ட வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமாவால் அதைச் செய்ய முடியவில்லை. ஆட்டம் சமநிலை.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் மோதுவதாக ஏற்பாடு. ஸ்பிஸ்கோ வரவே இல்லை. வெற்றி காமாவுக்குப் போனது.

<b>அன்று அடிக்கலாம் என்று இருந்திருந்தால்?</b>

இங்கேதான் நம்ம கேள்விக்கு முதல் துப்பு கிடைக்கிறது.

ஸ்பிஸ்கோவால் இரண்டரை மணி நேரம் குப்புறக் கிடக்க முடிந்தது ஏன்? யாரும் அவரைக் குத்த முடியாது என்ற விதி இருந்ததால்தான். இன்றைய கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் அப்படி முதுகைக் காட்டிப் படுத்தால் என்ன ஆகும்? மேலே இருப்பவர் பக்கவாட்டிலிருந்து குத்துவார். தடுக்கத் தலையைத் தூக்கினால் கழுத்தைச் சுற்றிக் கை விழும். சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்துவிடும்.

அதாவது, பிடிக்காரரைக் காப்பாற்றியது அவருடைய பிடி மட்டும் இல்லை. விதியும்தான்.

<b>18 ஆண்டுக் காத்திருப்பு</b>

1928 ஜனவரியில் பட்டியாலாவில் இருவரும் மறுபடியும் சந்தித்தார்கள். இருவருக்கும் வயது 50ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை தரையில் ஒட்டிக்கொள்ள ஸ்பிஸ்கோவுக்கு அவகாசமே இல்லை. ஒரு நிமிடத்துக்குள் தோற்றார்.

காமா தோற்றதாகப் பதிவே இல்லை என்பார்கள். சமநிலையில் முடிந்த ஆட்டங்கள் உண்டு. உயரத்தில் அவரைவிட எவ்வளவோ பெரியவரான ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை அவரால் பல முறை சாய்க்க முடியவில்லை. கடைசியில் அலகாபாத்தில்தான் வென்றார்.

<b>களத்துக்கு வெளியே</b>

1947இல் நாடு பிரிந்தபோது காமா லாகூரில் இருந்தார். தம் தெருவில் வசித்த இந்துக் குடும்பங்களைக் கும்பல் தாக்க வந்தபோது குறுக்கே நின்று காப்பாற்றினார் என்று இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஆதரித்த சமஸ்தானங்கள் மறைந்தன. வருமானமும் போனது. கடைசி ஆண்டுகளில் நோயும் பணத் தட்டுப்பாடும் வாட்டின. எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து தொழிலதிபர் பிர்லா உதவித்தொகை அனுப்பினார். 1960 மே மாதம் காமா லாகூரில் காலமானார்.

<b>அடிக்காரர் கற்ற பாடம்</b>

புரூஸ் லீ என்றதும் குத்தும் உதையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவர் காமாவின் பயிற்சி முறையைப் பற்றிப் படித்து, தண்டாலையும் பஸ்கியையும் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். ஜூடோ வீரர்களோடும் பழகிப் பிடிகளைக் கற்றார்.

1976 ஜூனில் தோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோக்கியும் மோதினர். 15 சுற்றுகள். இனோக்கி பெரும்பாலும் தரையில் கிடந்தபடியே அலியின் காலை உதைத்துக்கொண்டிருந்தார். அலியோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் குத்தினார். சமநிலை. 1910இல் நடந்தது போலவே, தரையில் கிடந்தவரை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் கராச்சியில் இனோக்கியோடு மோதியவர் அக்ரம். காமாவின் தம்பி மகன். இனோக்கி அவருடைய கையை முறுக்கி வென்றார். அடிக்காரரிடம் இல்லை, வேறு வகைப் பிடிக்காரரிடம் அந்தக் குடும்பம் தோற்றது.

<b>சிங்கப்பூருக்கு என்ன தொடர்பு?</b>

தஞ்சோங் பகார் துறைமுகத்தை அந்தக் காலத்தில் சீக்கியக் காவலர்கள் காத்தார்கள். பக்கத்தில் சிலாட் ரோட்டில் இருக்கும் சீக்கியக் கோயில் 1924இல் எழுந்தது. பஞ்சாபிலிருந்து இங்கே வந்த சமூகத்தோடு குஸ்தியும் வந்தது.

1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் வந்த இளைஞர் ஒருவர் கிரேட் வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் பயிற்சி எடுத்தார். இப்போது அந்த இடத்தில் கடைத்தொகுதி இருக்கிறது. அந்த இளைஞர்தான் பின்னாளில் இந்தியாவே கொண்டாடிய தாரா சிங்.

<b>அப்போ, அடியா? பிடியா?</b>

காமாவின் வாழ்க்கையிலிருந்து கிடைக்கும் விடை இதுதான்:

• முதலில் விதியைப் பாருங்கள். எது அனுமதி, எது தடை என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

• சண்டை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். நின்றபடி என்றால் அடிக்காரருக்குச் சாதகம். தரைக்குப் போய்விட்டால் பிடிக்காரருக்கு.

• ஒன்றை மட்டும் கற்றவருக்கு இன்னொன்று எப்போதும் புதிர்தான்.

1993இல் அமெரிக்காவில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில் ஜியு-ஜிட்சு வீரர் ஹோய்ஸ் கிரேசி வென்றபோது, பிடிதான் பெரிசு என்று பலர் முடிவு கட்டினார்கள். பிறகு அடிக்காரர்கள் தரையில் தற்காத்துக்கொள்ளப் படித்தார்கள். பிடிக்காரர்கள் குத்தப் படித்தார்கள். இன்று மேல்மட்டத்தில் ஒன்றை மட்டும் நம்பி நிலைப்பவர்கள் அரிது.

தமிழில் கைகலப்புக்கு அடிபிடி என்று ஒரு சொல் உண்டு. அதில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.