கழிவுநீர்ச் சேற்றில் பெயர் தேடிய அகதி: சேர்ஜி வினோகிராட்ஸ்கி

1922 ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிறி-கொம்த்-றொபேர் என்னும் சிற்றூருக்கு, நாடிழந்த ரஷ்யர் ஒருவர் குடிவந்தார். வயது அறுபத்தைந்தைக் கடந்திருந்தது. நிலமும் வீடும் புரட்சியின் பின்னர் கைவிட்டுப் போயின. அறிவியல் உலகமோ அவர் எப்போதோ இறந்துவிட்டார் என எண்ணுமளவிற்கு அவரை மறந்திருந்தது. அங்கே அவர் மேலும் பல ஆண்டுகள் உழைத்தார். இன்று பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எமது வீடுகளிலிருந்து வெளியேறும் அழுக்குநீர் எவ்வாறு மீண்டும் ஆற்றுக்குத் தகுந்த நீராகிறது என்பதை விளக்க முற்படும் எவரும் அவருடைய பெயரைத் தொட்டே செல்லவேண்டும்.

சேர்ஜி வினோகிராட்ஸ்கி 1856 ஆம் ஆண்டு கியேவ் நகரில் வசதி படைத்த குடும்பமொன்றிற் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றார், பிடிக்கவில்லை. இயற்கை விஞ்ஞானத்திற்கு மாறினார். அதிலும் மனம் நிலைக்கவில்லை. பின்னர் சென் பீற்றர்ஸ்பேர்க் இசைக் கல்லூரியிற் பியானோ கற்கப் புகுந்தார். அதனையும் விட்டு, அந்நகரப் பல்கலைக்கழகத்திலே தாவரவியல் பயின்ற பின்னரே தமது வழியைக் கண்டார். பிள்ளைகள் பாடத்தை மாற்றினால் தலையில் கைவைத்து அமரும் எமது பெற்றோர் இவ்விடத்திற் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

1885 ஆம் ஆண்டில் அவர் ஸ்ட்ராஸ்பேர்க் நகருக்குச் சென்று, தாவரவியல் மேதை அன்ரன் டி பாரியின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அந்நகரம் அப்போது ஜேர்மனியின் ஆட்சியில் இருந்தது. கந்தக ஊற்றுகளிலும் அழுகிய நீர்நிலைகளிலும் வெண்ணிற நூல்போற் படர்ந்து வாழும் பெக்கியற்றோவா என்ற பற்றீரியாவை அங்கே ஆராய்ந்தார். அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைட்டை அது உள்வாங்கி, கந்தகத் துணிக்கைகளாக உடலிற் சேமித்து, பின்னர் சல்பூரிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டார். அந்த மாற்றத்திலிருந்தே அதற்குச் சக்தி கிடைக்கிறது என்று 1887 இல் எடுத்துரைத்தார். உயிரற்ற கனிப்பொருளை எரித்து உயிர் வாழும் ஒன்று உண்டு என்பது அக்காலத்துக்குப் புதிது.

அடுத்த ஆண்டு டி பாரி காலமானார். வினோகிராட்ஸ்கி சூரிச் நகருக்குப் பெயர்ந்தார். அங்கேதான் கழிவுநீரோடு தொடர்புடைய பெரும் புதிர் அவர் கைக்கு வந்தது.

அப்புதிரை முன்வைத்தோர் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள். 1877 இல் அவர்கள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயினூடாகக் கழிவுநீரை மெதுவாகச் செலுத்தினர். சுமார் இருபது நாட்கள்வரை மாற்றமேதும் இல்லை. அதன்பின் நீரிலிருந்த அமோனியா குறைந்து மறைந்தது. பதிலாக நைத்திரேற்று தோன்றியது. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. தோட்டமண் கரைத்த நீரைச் சிறிது சேர்த்ததும் மீண்டும் தொடங்கியது. எனவே இது உயிரின் வேலை. ஆனால் எந்த உயிர்? இறைச்சிச் சாறு கலந்த ஜெலற்றின் தட்டிலே பற்றீரியாவை வளர்த்துப் பிரிக்கும் முறையைக் கொண்டு பலர் தேடியும் அது அகப்படவில்லை.

வினோகிராட்ஸ்கி எதிர்த்திசையிற் சிந்தித்தார். கனிப்பொருளை உண்டு வாழும் உயிருக்கு இறைச்சிச் சாறு எதற்கு? சேதனப் பொருள் எதுவுமற்ற நீரில் அமோனியா உப்பை மாத்திரம் கரைத்துச் சிறிது மண்ணை இட்டார். அவ்வளர்ப்பிலிருந்து ஒரு துளியை எடுத்துப் புதிய நீருக்கு மாற்றினார். திரும்பத் திரும்ப மாற்றினார். பின்னர் அந்த நீரை ஜெலற்றின் மீது வைத்து, எவ்வித வளர்ச்சியும் தோன்றாத இடத்திலிருந்தே மாதிரியை எடுத்தார். ஏனையோர் வளர்ந்ததை நோக்க, இவர் வளராததை நோக்கினார். எமது பார்வையில் அவருடைய வாழ்நாட் பணியில் இதுவே மிகச் சிறந்த கணம். 1890 இல் முடிவுகள் வெளிவந்தன. இறைச்சிச் சாற்றுக்குப் பதிலாகச் சிலிக்கா களியிலே அவ்வுயிர்களை வளர்த்தெடுத்தார். அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும் ஒன்றும், அதனை நைத்திரேற்று ஆக்கும் வேறொன்றுமாக, வேலை இருவரிடையே பகிரப்பட்டிருப்பதைக் கண்டார். 1892 இல் முன்னதற்கு நைத்திரோசோமோனாஸ் என்றும் பின்னதற்கு நைத்திரோபக்ரர் என்றும் பெயரிட்டார்.

இதன் பயனைச் சில வரிகளிற் சொல்லிவிடலாம். அமோனியா கலந்த நீர் ஆற்றிற் சேர்ந்தால் மீன் சாகும். ஆற்றின் ஒட்சிசனும் தீர்ந்துபோகும். அதனைத் தடுக்கும் இந்த நுண்ணுயிர்களோ மிக மெதுவாகப் பெருகுபவை. குளிர் வந்தால் மேலும் தளர்பவை. ஆகவே சுத்திகரிப்பு நிலையங்களிலே சேற்றைப் பல நாட்கள் தேக்கிவைத்துக் காற்றூட்ட வேண்டும். அவசரப்பட்டு அகற்றினால் அவையும் அடித்துச் செல்லப்படும்.

பாரிஸிலுள்ள பாஸ்ரர் நிறுவனம் அப்போதே அவரை அழைத்தது. அவர் தாய்நாட்டையே தெரிந்தெடுத்தார். 1891 இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கின் பரிசோதனை மருத்துவ நிறுவனத்திற் சேர்ந்தார். காற்றிலுள்ள நைதரசனை ஒட்சிசனின்றிப் பிணைக்கும் பற்றீரியா ஒன்றை அங்கே பிரித்தெடுத்தார். பின்னர் அந்நிறுவனத்தின் பணிப்பாளருமானார். உடல்நலம் குன்றியதால் 1905 இல் பதவி துறந்து, பொடோலியாவிலிருந்த தமது நிலங்களைப் பராமரிக்கச் சென்றார். சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆய்வு என்ற சொல்லே இல்லை.

புரட்சியும் உள்நாட்டுப் போரும் அந்த அமைதியைக் குலைத்தன. அவர் ஒடெசா வழியாக வெளியேறினார். 1921 இல் பெல்கிரேட் பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி அளித்தது. ஆய்வுகூட வசதி அங்கே இல்லை. இருந்தது ஜேர்மன் பற்றீரியவியற் சஞ்சிகை ஒன்றின் பழைய தொகுதிகள். தாம் ஒதுங்கியிருந்த காலத்தில் துறை எங்கு சென்றிருந்தது என்பதை அவற்றினூடாகக் கற்றார். விரிவுரை மண்டபத்தை விட்டு வந்து, அந்நிய நகரமொன்றின் நூலகத்திலே பழைய சஞ்சிகைகளைப் புரட்டிய நாட்கள் எமக்கும் உண்டு. ஆகவே இப்பகுதியை எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மறுக்கப்பட்ட அழைப்பைப் பாஸ்ரர் நிறுவனம் மீண்டும் விடுத்தது. அதன் பணிப்பாளர் எமில் றூ, மண் நுண்ணுயிரியலுக்கென ஒரு பிரிவை பிறி-கொம்த்-றொபேரில் அமைத்துக் கொடுத்தார். 1923 இல், அவர் விட்டுவந்த நாட்டின் விஞ்ஞானக் கழகமே அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. அவர் திரும்பிச் செல்லவில்லை.

அவருடைய மகள் எலேன் அந்த ஆய்வுகூடத்தில் அவரோடு பணியாற்றினார். கழிவுநீருக்குட் காற்றைச் செலுத்திச் சேற்றை வளர்த்துச் சுத்திகரிக்கும் முறை 1914 இல் மன்செஸ்ரரில் ஆடென், லொக்கற் ஆகியோரால் வெளிப்படுத்தப்பட்டுப் பரவி வந்தது. பாரிஸ் நகரின் அத்தகைய சேற்றிலே நைத்திரேற்றாக்கும் உயிர்கள் எவை என எலேன் ஆராய்ந்து, 1935 இல் வெளியிட்டார். களிபோல ஒட்டித் திரண்ட கூட்டங்களாக அவற்றைக் கண்டு, நைத்திரோசோக்கிளியா, நைத்திரோசிஸ்ரிஸ் முதலிய புதிய பெயர்களைச் சூட்டினார். சுருள் வடிவான நைத்திரோசோஸ்பைராவைத் தந்தையும் மகளும் 1933 இல் விபரித்திருந்தனர்.

பெயர்ப்பட்டியல் இரக்கமற்றது. எலேன் தூய வளர்ப்பு என்று கருதியவற்றில் வேறு பற்றீரியாவும் கலந்திருந்திருக்கலாம் எனப் பின்வந்தோர் ஐயுற்றனர்; 1935 இன் பெயர்கள் வழக்கொழிந்தன. நைத்திரோசோஸ்பைரா தப்பியது. ஆனால் 1990களில், வளர்க்காமலே மரபணுவைக் கொண்டு உயிரை அடையாளங்காணும் முறை சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்தபோது, இவ்வுயிர்கள் சேற்றிலே நெருங்கித் திரண்ட கூட்டங்களாகவே வாழ்வது தெளிவாயிற்று. பெயரிலே எலேன் தவறியிருக்கலாம். அவருடைய கண் தவறவில்லை என்பதே எமது கருத்து.

தந்தையின் முடிவுகளும் திருத்தப்பட்டன. நைத்திரைற்றை மாற்றும் பணியைப் பெரும்பாலான நிலையங்களில் நைத்திரோஸ்பைரா என்ற வேறோர் இனமே செய்கிறது என அறியப்பட்டது. இரு படிகளையும் ஒரே பற்றீரியா தனித்தே செய்ய வல்லது என்பதை 2015 இல் இரு ஆய்வுக் குழுக்கள் காட்டின.

ஜேர்மன் படைகள் 1940 இல் பிரான்சினுள் நுழைந்தபோது வினோகிராட்ஸ்கிக்கு வயது 83. போர் முடிந்தபின், 1949 இல், தமது வாழ்நாள் ஆய்வுகளைத் திரட்டி மண் நுண்ணுயிரியல் பற்றிய பெருநூலாக வெளியிட்டார். 1953 பெப்ரவரியில், 96 ஆவது வயதில் காலமானார். அவருடைய வரலாற்றை எழுதியவர் செல்மன் வக்ஸ்மன்; உக்ரேனிற் பிறந்து 1910 இல் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவர்; ஸ்றெப்ரோமைசின் மருந்துக்காக 1952 இல் நோபல் பரிசு பெற்றவர்.

டென்மார்க்கின் ஓல்போர்க் பல்கலைக்கழகத்தினர் 31 நாடுகளின் 740 சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து மாதிரிகளைத் திரட்டி, அங்கு வாழும் பற்றீரியாவின் பட்டியலை 2022 இல் வெளியிட்டனர். ஆய்வுகூடத்தில் இன்னமும் வளர்க்கப்படாத பல இனங்கள் அதிலே பெயரின்றி இலக்கங்களாகவே நிற்கின்றன. 1892 இல் சூட்டப்பட்ட நைத்திரோசோமோனாஸ் என்ற பெயர் மாற்றமின்றி அங்கே இருக்கிறது.