பத்து வருடக் கணக்கு கேட்டவர்!

குழந்தைகளே! நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது பரமத்தி வேலூர். வெற்றிலைக்கும் வாழைக்கும் பேர் பெற்ற ஊர். அங்கே வெற்றிலையை எண்ணித்தான் விற்பார்கள். நூறு வெற்றிலை சேர்ந்தால் ஒரு கவுளி. 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை.

கல்யாண முகூர்த்தம் நிறைய வரும் மாதத்தில் ஒரு சுமையின் விலை கிடுகிடுவென ஏறும். முகூர்த்தமே இல்லாத மார்கழியில் மளமளவென இறங்கிவிடும். வாழைத்தாரும் அப்படித்தான். ஆயுத பூஜைக்கு ஒரு விலை. பூஜை முடிந்ததும் வேறு விலை!

அதனால், அந்த ஊர் விவசாயி யாரும் ஒரு முகூர்த்த மாத விலையை மட்டும் வைத்து, வருடம் முழுவதும் அதே வருமானம் வரும் என்று கணக்குப் போடமாட்டார். நல்ல மாதத்தோடு கெட்ட மாதத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

கோடி கோடியாகப் பணம் புரளும் அமெரிக்கப் பங்குச் சந்தையில், ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்கள் இந்தச் சின்ன விஷயத்தை மறந்துவிட்டார்கள். அதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் பெஞ்சமின் கிரகாம். அந்தப் பாடத்தைக் கற்க அவரும் பெரிய விலை கொடுத்தார். அவருடைய கதையைப் பார்ப்போமா?

அப்பா இல்லாத வீடு

பெஞ்சமின், 1894-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் லண்டன் நகரில் பிறந்தார். அப்போது அவருடைய குடும்பப் பெயர் கிராஸ்பாம். மூன்று சகோதரர்களில் இவர்தான் கடைக்குட்டி. இவருக்கு ஒரு வயது ஆனபோது குடும்பம் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அப்பாவுக்குப் பீங்கான் பாத்திரங்கள் விற்கும் வியாபாரம். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால், 1903-ல் அப்பா இறந்துபோனார். பெஞ்சமினுக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது. அம்மா டோரதி வீட்டில் வாடகைக்கு ஆட்களைத் தங்கவைத்துப் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை.

பிறகு அம்மா ஒரு முடிவெடுத்தார். மிச்சமிருந்த பணத்தோடு கடனும் வாங்கி, ஓர் இரும்பு ஆலையின் பங்குகளை வாங்கினார். 1907-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. போட்ட பணம் போயிற்று.

ஒருநாள் அம்மா கொடுத்த காசோலையுடன் பெஞ்சமின் வங்கிக்குப் போனான். அந்த அம்மாவை நம்பி ஐந்து டாலர் கொடுக்கலாமா என்று வங்கி ஊழியர் இன்னொருவரிடம் கேட்டது அவன் காதில் விழுந்தது. அந்த அவமானத்தை அவன் கடைசிவரை மறக்கவில்லை.

படிப்பில் புலி

பெஞ்சமின் தெருவில் பத்திரிகை விற்றான். சக மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். கோடை விடுமுறையில் பண்ணையில் வேலை பார்த்தான். நடுவே படிப்பையும் விடவில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, அலுவலகத்தில் நடந்த பெயர்க் குழப்பத்தால் அது கிடைக்காமல் போனது. பெஞ்சமின் மனம் தளரவில்லை. மறுமுறை முயன்றார், தவறு தெரிந்து உதவித்தொகை கிடைத்தது.

1914-ல், 20 வயதில் வகுப்பிலேயே இரண்டாவது மாணவராகத் தேறினார். ஆங்கிலம், கணிதம், தத்துவம் என மூன்று துறைகள் அவரை ஆசிரியராக வரும்படி அழைத்தன! ஆனால், குடும்பத்துக்குப் பணம் தேவை. கல்லூரித் தலைவரின் யோசனைப்படி, நியூயார்க்கில் பங்கு வியாபாரம் நடக்கும் வால் ஸ்ட்ரீட் தெருவுக்குப் போனார். வாரச் சம்பளம் 12 டாலர். பத்திரங்களையும் காசோலைகளையும் அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முதல் வேலை. முதல் உலகப் போர்க் காலத்தில் குடும்பப் பெயரை கிரகாம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

பங்கு என்றால் என்ன?

ஒரு பெரிய ஆலையை ஒருவரே வாங்க முடியாது. அதனால் அதைச் சின்னச் சின்னப் பாகங்களாகப் பிரித்து விற்பார்கள். ஒவ்வொரு பாகமும் ஒரு பங்கு. ஆலைக்கு லாபம் வந்தால், பங்கு வைத்திருப்பவருக்கும் அதில் உரிமை உண்டு. பங்கை வேறு ஒருவருக்கு விற்கவும் செய்யலாம். அப்படி விற்கும் இடம்தான் பங்குச் சந்தை.

1920-களில் அமெரிக்காவில் எல்லாருக்கும் பங்கு ஆசை பிடித்தது. போன வருடம் லாபம் நன்றாக இருந்ததா? அப்படியென்றால் இனி வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் என்று நம்பி, கேட்ட விலைக்கு வாங்கினார்கள். பலர் கடன் வாங்கியும் வாங்கினார்கள்.

கிரகாம் கெட்டிக்காரர். ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் வரி விடாமல் படிப்பார். 1926-ல் மற்றவர்களின் பணத்தையும் சேர்த்து முதலீடு செய்யத் தொடங்கினார். ஜெரோம் நியூமன் என்பவர் அவருடன் கூட்டாளியாகச் சேர்ந்தார்.

1929-ல் வந்தது இடி! அமெரிக்கப் பங்குகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டவ் ஜோன்ஸ் என்ற எண், அந்த ஆண்டு செப்டம்பரில் 381 ஆக இருந்தது. 1932 ஜூலையில் 41-க்கு வந்துவிட்டது. நூறு ரூபாய் பதினொரு ரூபாய் ஆனதுபோல!

கிரகாமும் தப்பவில்லை. அவரும் கடன் வாங்கி முதலீடு செய்திருந்தார். அம்மா செய்த அதே தவறு! அவரிடம் இருந்த பணத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு கரைந்தது. ஆடம்பர வீட்டைக் காலி செய்தார். நம்பிப் பணம் கொடுத்தவர்களை அவர் கைவிடவில்லை. நஷ்டம் ஈடாகும்வரை பெரும்பாலும் ஊதியம் இல்லாமலே உழைத்தார். வகுப்பு எடுத்தும், கட்டுரை எழுதியும் குடும்பத்தை நடத்தினார். 1935 முடிவதற்குள் பழைய நஷ்டத்தை ஈடுகட்டிவிட்டார்.

தென்னந்தோப்புக் கணக்கு

இந்த அடியிலிருந்து பிறந்ததுதான் ஒரு புகழ்பெற்ற புத்தகம். டேவிட் டாட் என்ற ஆசிரியருடன் சேர்ந்து 1934-ல் அதை வெளியிட்டார். ஒரு கம்பெனியின் பங்கு என்ன விலை பெறும் என்று பார்க்க, ஒரே ஒரு வருட லாபத்தைப் பார்க்காதே. குறைந்தது ஐந்து வருட லாபத்தின் சராசரியைப் பார், ஏழு முதல் பத்து வருடம் பார்த்தால் இன்னும் நல்லது என்பது அவர் தந்த யோசனைகளில் ஒன்று.

நம் ஊர் உதாரணம் ஒன்று பார்ப்போம். வேலூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். செலவு போக, போன வருடம் 3 லட்சம் ரூபாய் லாபம். உரிமையாளர் 45 லட்சம் கேட்கிறார். பதினைந்து வருட லாபம்தானே, மலிவு என்கிறார்.

நாம் பழைய கணக்கு நோட்டைக் கேட்கிறோம். முதல் ஒன்பது வருட லாபம் இதோ: 60 ஆயிரம், 1 லட்சம், 80 ஆயிரம், 40 ஆயிரம், 1 லட்சம், 80 ஆயிரம், 60 ஆயிரம், 1 லட்சம், 80 ஆயிரம். போன வருடம் தேங்காய் விலை எக்கச்சக்கமாக ஏறியதால்தான் 3 லட்சம்!

பத்து வருடத்தையும் கூட்டுங்கள். 10 லட்சம் வருகிறதா? பத்தால் வகுத்தால் சராசரி 1 லட்சம். அப்படியானால் 45 லட்சம் என்பது பதினைந்து வருட லாபம் அல்ல. 45 வருட லாபம்! இப்போது சொல்லுங்கள், தோப்பு மலிவா?

இதே கணக்கு தலைகீழாகவும் உதவும். மழை பொய்த்த ஒரு வருடத்தில் நல்ல தோப்பும் உதவாத தோப்புபோலத் தெரியும். பத்து வருடம் பார்ப்பவர் ஏமாற மாட்டார். பங்கின் விலை சராசரி லாபத்தைப்போல் 16 மடங்குக்கு மேல் போனால், அது முதலீடு ஆகாது என்று அந்த முதல் பதிப்பில் கிரகாம் எல்லை வகுத்தார்.

விலைவாசியையும் சேருங்கள்!

ஒரு சந்தேகம் வரும். பத்து வருடத்துக்கு முந்தைய 60 ஆயிரமும் இன்றைய 60 ஆயிரமும் ஒன்றா? தாத்தா காலத்தில் ஒரு ரூபாய்க்கு வாங்கியதை இன்று ஒரு ரூபாய்க்கு வாங்க முடியுமா? முடியாது. விலைவாசி ஏற ஏற, பணத்தின் வாங்கும் சக்தி குறைகிறது.

அமெரிக்கப் பேராசிரியர்கள் ஜான் கேம்பெல், ராபர்ட் ஷில்லர் இருவரும் 1988-ல் இதைச் சரிசெய்தார்கள். ஒவ்வொரு பழைய வருட லாபத்தையும் இன்றைய பண மதிப்புக்கு மாற்று. பிறகு பத்து வருடச் சராசரி எடு. அதைக்கொண்டு இன்றைய விலையை வகு. இவ்வளவுதான் கணக்கு!

நம் தோப்புக்குப் போட்டுப் பார்ப்போமா? பத்து வருடத்தில் விலைவாசி இரண்டு மடங்கு ஆனதாக வைத்தால், முதல் வருட 60 ஆயிரம் இன்றைய மதிப்பில் 1 லட்சத்து 20 ஆயிரம். இப்படி எல்லா வருடத்தையும் மாற்றினால் சராசரி ஏறத்தாழ 1 லட்சத்து 35 ஆயிரம் வரும். 45 லட்சத்தை அதனால் வகுத்தால் 33. பதினைந்தும் இல்லை, நாற்பத்தைந்தும் இல்லை. 33 என்பதே நியாயமான கணக்கு.

அமெரிக்கப் பங்குச் சந்தை முழுவதற்கும் ஷில்லர் இந்தக் கணக்கைப் போட்டார். நீண்டகாலச் சராசரி சுமார் 17. 1929 வீழ்ச்சிக்கு முன்பு அது சுமார் 33. 1999 கடைசியில் சுமார் 44! அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அந்தச் சந்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஷில்லருக்கு 2013-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த எண், விலை அதிகமா குறைவா என்று சொல்லும். எப்போது இறங்கும் என்று சொல்லாது. 1990-களுக்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் இந்த எண் பழைய சராசரிக்கு மேலேதான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து ஒதுங்கி நின்றவர்கள் லாபத்தைத் தவறவிட்டதும் உண்டு. தோப்புக் கிணறு நிரந்தரமாக வற்றிவிட்டால், பழைய பத்து வருடக் கணக்கும் பயன்படாது. அதனால் கணக்கோடு கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும்!

நல்லாசிரியர்

கிரகாம் 1928 முதல் கொலம்பியாவில் மாலை வகுப்பு எடுத்தார். 1949-ல் சாதாரண மக்களுக்காக இன்னொரு புத்தகம் எழுதினார். 19 வயதில் அதைப் படித்த ஓர் இளைஞர், அவரிடமே படிக்க வேண்டும் என்று கொலம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். சம்பளம் வேண்டாம், வேலை கொடுங்கள் என்று கேட்டும் கிரகாம் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. 1954-ல்தான் வேலை கொடுத்தார். அந்த இளைஞர் பின்னாளில் உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவரான வாரன் பபெட்!

1956-ல் கிரகாம் தன் நிறுவனத்தை மூடிவிட்டு கலிபோர்னியாவில் குடியேறினார். அங்கும் பாடம் நடத்தினார். லத்தீன், கிரேக்க நூல்களை விரும்பிப் படித்தார். ஸ்பானிய மொழி நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1976 செப்டம்பர் 21-ல், தன் 82-ம் வயதில் பிரான்ஸ் நாட்டில் காலமானார்.

ஐந்து டாலருக்கு நம்பப்படாத ஒரு தாயின் மகன், லட்சக்கணக்கானவர்களுக்குப் பணத்தைக் காப்பாற்றும் வழியைச் சொல்லிக் கொடுத்தார். குழந்தைகளே, நாளை யாராவது உங்கள் வீட்டில் வந்து, போன வருடம் எவ்வளவு லாபம் தெரியுமா என்று ஆசை காட்டினால், மற்ற ஒன்பது வருடம் என்ன ஆச்சு என்று கேட்கச் சொல்லுங்கள்!