கணைக்கால் இரும்பொறை: குடவாயிற் கோட்டத்துச் சிறையும் போருக்குப் பிந்தைய வாழ்வும்

முன்னுரை

சங்கப் பாடல்கள் போரின் தொடக்கத்தையும் களத்தையும் விரிவாகப் பேசுகின்றன. போர் முடிந்த பின்னர் வென்றோர் மண்ணில் தோற்றோரும், அவர்களைக் காத்து நின்ற மறவரும் நாட்களை எவ்வாறு கழித்தனர் என்பது குறித்துக் கிடைக்கும் செய்திகள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் முதன்மையானது சேரமான் கணைக்கால் இரும்பொறையின் வாழ்வு. அவன் சிறையிருந்த குடவாயில், கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இடையே அமைந்த இன்றைய குடவாசல் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அவனது வாழ்வை இலக்கியச் சான்றுகளின்வழித் தொகுத்து, அவன் முடிவு குறித்த இருவேறு மரபுகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டிப் பொறையன்

இரும்பொறையின் ஆட்சிக்காலம் பற்றிய குறிப்பு பொய்கையார் பாடிய நற்றிணை 18ஆம் பாடலில் உள்ளது. அதில் பொறையன் எனச் சுட்டப்படுபவன் இவனே என்பர். மேலைக் கடற்கரைத் துறையாகிய தொண்டியின் தலைவனான அவன், மூவன் என்பவனை வென்று, அவனுடைய பற்களைப் பிடுங்கித் தன் கோட்டைக் கதவில் பதித்தான் என்கிறது அப்பாடல். தோற்றவனின் உடலை வெற்றியின் அடையாளமாக்கும் வழக்கத்துக்கு அவனும் புறம்பானவன் அல்லன் என்பது இதனால் தெளிவாகிறது.

அதே பாடல் அவனது பாசறையின் இரவொன்றையும் காட்டுகிறது. மதங்கொண்ட யானைக்கு அஞ்சி உறங்காதிருந்த மறவர், அதன் சினம் தணிந்த பின்னர் அலையடங்கிய கடல்போல அமைதியாக உறங்குகின்றனர். பகைவரின் வேலுக்கு அஞ்சாத மறவர் தம் பக்கத்து யானைக்கு அஞ்சி விழித்திருந்தனர் என்னும் இச்செய்தி, படைவீரரின் அன்றாட வாழ்வைக் காட்டும் அரிய சான்று.

கழுமலமும் போர்ப்புறமும்

புறநானூறு 74ஆம் பாடலின் அடிக்குறிப்பு, இரும்பொறை சோழன் செங்கணானுடன் திருப்போர்ப்புறத்தில் போரிட்டுப் பிடிபட்டான் என்கிறது. பொய்கையாரின் களவழி நாற்பது செங்கணானின் வெற்றிக்களத்தைப் பாடுவது. அது கழுமலத்தைக் கைக்கொண்ட செய்தியையும் குறிக்கிறது. குடவாயிற் கீரத்தனார் பாடிய அகநானூறு 44ஆம் பாடலில், கழுமலப் போரில் கணையன் என்பவனைச் சிறைப்பிடித்தவன் பெரும்பூட் சென்னி என்னும் சோழன்.

கணையனும் கணைக்கால் இரும்பொறையும் ஒருவரே என்றும், சென்னியும் செங்கணானும் ஒருவரே என்றும் கொள்வோர் உளர். இரண்டையும் வெவ்வேறு போர்களாகக் கொள்வோரும் உளர். பெயரொப்புமை ஒன்றைக் கொண்டே இவற்றை ஒன்றெனத் துணிதல் இயலாது. எனினும் கழுமலப் போர், சிறைப்பட்ட ஒருவன், குடவாயில் ஆகிய மூன்றையும் அகநானூற்றுப் பாடல் ஒருங்கே நினைவுகூர்கிறது என்பது கருதத்தக்கது.

குடவாயில்: இரு தோற்றங்கள்

அப்பாடல் முல்லைத்திணைக்கு உரியது. போர் முடிந்து, பகைவர் திறை கொடுத்து உறவாகி, இரு படைகளும் இனி ஒன்றே என முரசறையப்பட்ட நிலையில், ஊர் திரும்பும் வீரன் ஒருவன் தேர்ப்பாகனிடம் தேரை விரைந்து செலுத்துமாறு கூறுகிறான். அவன் காணத் துடிக்கும் தலைவிக்குக் குடவாயில் உவமையாகிறது. பழைய நெல் மிகுதியாகச் சேர்ந்திருக்கும் குடிகள், யானைகள் படியும் குளம், பசுமையான காவற்காடு, அவற்றால் வரும் குளிர்ச்சி என அவ்வூர் விவரிக்கப்படுகிறது. புலவர் அவ்வூரினர் என்பதால் இவ்வருணனை நேரடி அறிவின்பாற்பட்டது எனக் கொள்ளலாம்.

போர் முடிந்து திரும்பும் வீரனுக்குக் குடவாயில் வீட்டை நினைவூட்டும் ஊர். போரில் பிடிபட்ட வேந்தனுக்கோ அதுவே சிறை. நீர்வளத்தால் புகழ்பெற்ற காவிரிப் படுகையின் ஊரொன்றில், சிறைப்பட்டவனுக்கு ஒருவாய் நீர் உரிய நேரத்தில் கிட்டவில்லை. நீரின்மை அங்கு நிலத்தின் குறையன்று. காவலரின் மனநிலை பற்றியது.

சிறையில் ஒரு நாள்

புறநானூற்று அடிக்குறிப்பின்படி, சிறையிலிருந்த இரும்பொறை குடிக்க நீர் கேட்டான், உடனே பெறவில்லை, பின்னர் கிடைத்தபோது அதனைப் பருகாமல் கையில் வைத்துக்கொண்டு பாடலைச் சொல்லி இறந்தான். காவலர் காலம் தாழ்த்தியது ஏன் என்பது கூறப்படவில்லை. வேந்தனைக் கொல்வதற்கோ வதைப்பதற்கோ கட்டளை இருந்ததாகவும் குறிப்பு இல்லை. போர்க்களத்தில் நெருங்கவும் அஞ்சியிருக்கக்கூடிய ஒருவனை, சிறையில் ஒரு மறவன் காக்கவைக்க முடிந்தது. போருக்குப் பின்னர் வெற்றி இத்தகைய சிறிய அதிகாரங்களாகவே அன்றாடம் வெளிப்படுகிறது.

பாடலின் கருத்து இதனினும் கடுமையானது. குழந்தை இறந்து பிறந்தாலும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதனையும் ஆளாகவே கருதி வாளால் கீறி அடக்கும் மறக்குடி வழக்கத்தை முதலில் நிறுத்துகிறது. அத்தகைய குடியில் பிறந்தவன் சங்கிலியில் கட்டிய நாய்போல் இருத்தப்பட்டு, பகைவர் தரும் சிறிதளவு உணவை வயிற்றுத் தீத் தணிய இரந்து உண்ணும் நிலைக்காகவா பெற்றோர் மக்களைப் பெறுவர் என அது வினவுகிறது. அப்பாடல் காவலரைப் பழிக்கவில்லை; செங்கணானைப் பெயர் சொல்லியும் சுட்டவில்லை. இரந்தமைக்காகத் தன்னையே குற்றவாளியாக்குகிறது. சிறையின் கொடுமை உடலை வருத்துவதில் மட்டும் இல்லை, கேட்க வைப்பதில் உள்ளது என்பதே அதன் உட்பொருள்.

வெண்ணியும் குடவாயிலும்

இதே காவிரி நாட்டில் மற்றொரு சேரனும் தோல்வியுற்று உயிர்விட்டான். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அவன் உண்ணாமையைத் தானே தேர்ந்தான். கழாத்தலையாரும் வெண்ணிக் குயத்தியாரும் அவனைப் போற்றினர். இரும்பொறைக்கு அத்தகைய உரிமை இல்லை. எங்கே இருப்பது, எப்போது உண்பது ஆகிய அனைத்தும் பிறர் கையில் இருந்தன. கையில் வந்த நீரைப் பருகாமை ஒன்றே அவன் வசம் எஞ்சியது. பெருஞ்சேரலாதனின் நோன்பையும் இச்செயலையும் ஒரே மானவுணர்வின் வெளிப்பாடுகள் எனக் கூறுவது பொருந்தும். ஆனால் சூழல் வேறு என்பதை மறத்தல் ஆகாது.

இரு முடிவுகள்

களவழி நாற்பதின் இறுதிக் குறிப்பு வேறொரு முடிவைத் தருகிறது. பொய்கையார் களம் பாடி இரும்பொறையைச் சிறைவீடு செய்தார் என்பது அது. 12ஆம் நூற்றாண்டுச் சோழர் அவைக்குரிய கலிங்கத்துப்பரணியும் இவ்விடுதலையைக் குறிக்கிறது. விடுதலை ஆணை வருவதற்கு முன் அவன் இறந்தான் என இரண்டையும் இணைப்போரும் உண்டு.

நூல்களின் அகச்சான்று வேறு வகையில் அமைகிறது. களவழியில் வஞ்சி வேந்தனும் கொங்கரும் தோற்ற செய்தி உண்டு. இரும்பொறையின் பெயரோ விடுதலை வேண்டுதலோ இல்லை. குருதி படிந்த களமும் வீழ்ந்த களிறுகளுமே பாடுபொருள். விடுதலைச் செய்தி வென்றவனின் கொடையையும் புலவரின் செல்வாக்கையும் உயர்த்துவது. சோழர் அவை அதனைப் போற்றியதில் வியப்பில்லை. புறநானூற்றுப் பாடலும் தன்னளவில் பெயர் கூறவில்லை. ஆயினும் சங்கிலி, பசி, இரத்தல் ஆகிய சிறைவாழ்வின் கூறுகள் பாடலுக்குள்ளேயே உள்ளன. அடிக்குறிப்புகள் இரண்டும் பாடல்களுக்குப் பிற்பட்டவை எனினும், பாடலோடு மிகுதியும் பொருந்துவது சிறையில் இறந்தான் என்னும் குறிப்பே.

முடிவுரை

செங்கணான் சிவபெருமானுக்கு எழுபது மாடக்கோயில்கள் எடுத்தவன் எனத் திருமங்கையாழ்வார் பாடினார். சம்பந்தரின் பதிகம் பெற்ற குடவாயில் கோணேசர் கோயிலும் அவ்வகை மாடக்கோயிலாகவே விளங்குகிறது. வென்றவனின் நினைவு கல்லில் நிலைத்தது. தோற்றவனின் நினைவு ஒரு பாடலில் நிலைத்தது.

போர்க் கைதிகளுக்குப் போதிய குடிநீர் வழங்கப்பட வேண்டும் என்பதை 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை தன் 26ஆம் பிரிவில் சட்டமாக்கியது. எந்த இழப்பைத் தடுக்க அவ்விதி எழுந்ததோ, அதனைக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தவன் பாடல் முன்பே பதிவு செய்துள்ளது. களத்தில் யார் வென்றார் என்பதைக் களவழி சொல்கிறது. வென்றவர்கள் அதன்பின் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைச் சொல்வது புறநானூறு 74. போர் பற்றிய ஆய்வுகளில் இவ்விரண்டையும் இணைத்தே பயில வேண்டும்.