சார்ட் ஏறும்போது ரிஸ்க் எங்கே ஒளிஞ்சிருக்கும்? புதுச்சேரியோடு தொடர்புள்ள ஜான் லா கதை

மொபைலில் ஒரு பங்கின் சார்ட்டைத் திறக்கிறீங்க. ஆறு மாதமா பச்சைக் கோடு ஏறிக்கிட்டே இருக்கு. இதுல என்ன ரிஸ்க்னு தோணுதா? 300 வருஷத்துக்கு முன்னாடி பாரிஸ்லயும் அப்படித்தான் தோணுச்சு.

யார் இந்த ஜான் லா?

1671இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். கணக்கில் கில்லாடி, சூதாட்டத்திலும்தான். 1694இல் லண்டனில் வாள் சண்டையில் ஒருவரைக் கொன்று, மரண தண்டனை பெற்று, சிறையிலிருந்து தப்பினார்.

1716இல், கடனில் தவித்த பிரான்ஸில் காகிதப் பணம் வெளியிடும் வங்கியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் லூசியானாவில் வணிகம் செய்யும் மிசிசிப்பி கம்பெனி. 1719இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியையும் இதில் இணைத்தார். அப்படித்தான் புதுச்சேரியும் லாவின் கம்பெனி கைக்கு வந்தது.

500 டூ 10,000

500 லிவர் முகமதிப்புள்ள பங்கு, 1719 முடிவில் சுமார் 10,000 லிவர். 1720 ஜனவரியில் லா பிரான்ஸின் நிதிப் பொறுப்பாளரே ஆகிவிட்டார்.

அப்போது கோட்டு வரைபடமே பழக்கத்தில் இல்லை. வில்லியம் பிளேஃபேர் அதைப் பிரபலமாக்கியது 1786இல்தான். ஆனால் சார்ட் இருந்திருந்தாலும் ஆபத்து தெரிந்திருக்காது. கோடு விலையை மட்டும்தான் காட்டும், அது ஏன் ஏறுதுன்னு காட்டாது. லாவின் வங்கி நோட்டு அச்சடிச்சது. அந்தப் பணமே பங்கு வாங்க வந்தது. லூசியானாவிலிருந்து அதற்கேற்ற வருமானம் வரலை.

1720இல் பலரும் பங்கையும் நோட்டையும் தங்கம், வெள்ளியாக மாற்ற ஓடினாங்க. மே மாதம் அரசே பங்கு மதிப்பைக் குறைக்க ஆணையிட, நம்பிக்கை சுத்தமா போச்சு. டிசம்பரில் லா நாட்டைவிட்டு ஓடினார். 1721இல் பங்கு மீண்டும் சுமார் 500 லிவர். 1729இல் வெனிஸில் வறுமையில் இறந்தார்.

நாம் கவனிக்க வேண்டியது?

10,000இல் வாங்கியவருக்கு 95% நஷ்டம். போட்டதை மீட்க விலை 20 மடங்கு ஏறணும். சார்ட்டில் ஏற்றத்தைப் பார்க்கும் கண், இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு மாத சார்ட்டை ஐந்து வருஷத்துக்கு மாத்திப் பாருங்க. இடதுபக்க அளவு பூஜ்ஜியத்தில் தொடங்குதான்னும் பாருங்க. இல்லைன்னா சின்ன ஏற்றமும் மலை மாதிரி தெரியும். கடைசியா, விலையை ஏத்துறது லாபமா, கடன் பணமான்னு கேளுங்க.

லாவின் தம்பி மகன் ழான் லா தெ லோரிஸ்தோன், 1765இல் ஆங்கிலேயரிடமிருந்து புதுச்சேரியைத் திரும்பப் பெற்ற ஆளுநர். போரில் இடிந்து கிடந்த ஊர் அவர் காலத்தில்தான் மீண்டும் எழுந்தது. பெரியப்பாவின் பங்கை நம்பியவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கலை.