பெயரில்லாத பூதம்!

குட்டீஸ்! 'பிராங்கன்ஸ்டைன்' என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சதுரமான தலை, கழுத்தில் ஆணிகள், தடுமாறி நடக்கும் பூதம். அப்படித்தானே? ஆனால், அது பூதத்தின் பெயரே அல்ல. அதை உருவாக்கிய விஞ்ஞானியின் பெயர்! பூதத்துக்குக் கதையில் பெயரே கிடையாது.

இந்தக் கதையை எழுதியவர் ஓர் இளம்பெண். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அவர்தான் மேரி ஷெல்லி.

மேரி, 1797 ஆகஸ்ட் 30ல் லண்டனில் பிறந்தார். அம்மாவின் பெயரும் மேரிதான். பெண்களுக்கும் ஆண்களைப் போலவே கல்வி வேண்டும் என்று புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவர் அவர். ஆனால், மகள் பிறந்த சில நாட்களிலேயே காய்ச்சலில் இறந்து போனார். அப்பா வில்லியம் காட்வினும் எழுத்தாளர். வீடு நிறையப் புத்தகங்கள் இருந்தன; அம்மா மட்டும் இல்லை. சிறுமி மேரி, அம்மாவின் கல்லறைக்குப் போய் உட்கார்ந்து புத்தகம் படிப்பார். அந்தக் கல்லில் பொறித்திருந்த பெயரும், அவருடைய பெயரும் ஒன்றே!

1815ல் இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானில் பரவி, சூரிய ஒளியை மறைத்தன. அதனால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. ஒரே மழை, குளிர்!

அந்த 1816ம் ஆண்டில்தான் மேரி, சுவிட்சர்லாந்தின் ஜெனிவா ஏரிக்கரைக்குப் போயிருந்தார். பின்னர் அவரை மணந்துகொண்ட கவிஞர் ஷெல்லியும் உடன் இருந்தார். பக்கத்து மாளிகையில் பைரன் என்ற புகழ் பெற்ற கவிஞர் தங்கியிருந்தார். மழையால் வெளியே போக முடியவில்லை. ஆளுக்கொரு பேய்க் கதை எழுத வேண்டும் என்று பைரன் ஒரு போட்டி வைத்தார்.

மேரிக்குப் பல நாட்கள் கதையே தோன்றவில்லை. இறந்த தவளையின் காலில் மின்சாரம் பாய்ந்தால் அது துடிக்கும் என்று அப்போது கண்டுபிடித்திருந்தார்கள். அப்படியானால் உயிரையே உண்டாக்க முடியுமா என்று ஒரு நாள் இரவு எல்லாரும் பேசிக்கொண்டிருந்தனர். அன்று படுக்கப் போன மேரியின் மனக்கண்ணில் அந்தப் பூதம் தோன்றியது. கதை பிறந்துவிட்டது!

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன், பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவத்துக்கு உயிர் கொடுக்கிறான். அது கண் விழித்ததும், அதன் கோரத்தைக் கண்டு பயந்து ஓடிவிடுகிறான். பிறந்த குழந்தையை விட்டுவிட்டுத் தந்தை ஓடியது போல!

தனியாக அலைந்த அந்த உருவம், ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டருகே ஒளிந்து கொள்கிறது. சுவர் இடுக்கு வழியே பார்த்துப் பார்த்தே பேசக் கற்கிறது. இரவில் யாருக்கும் தெரியாமல் அவர்களுக்கு விறகு வெட்டி வைக்கிறது. காட்டில் கிடைத்த புத்தகங்களைப் படித்து, நான் யார், எங்கிருந்து வந்தேன் என்று யோசிக்கிறது. ஒரு நாள் தைரியமாக வீட்டுக்குள் போகிறது. கண் தெரியாத தாத்தா மட்டும் அதனிடம் அன்பாகப் பேசுகிறார். கண் தெரிந்தவர்களோ அடித்து விரட்டுகிறார்கள்! ஆற்றில் விழுந்த சிறுமியைக் காப்பாற்றியபோதும் துப்பாக்கிக் குண்டுதான் பரிசாகக் கிடைக்கிறது. அதன் பிறகே அது பழிவாங்கக் கிளம்புகிறது.

1818ல் இந்த நாவல் வெளிவந்தது. அச்சிட்டவை 500 பிரதிகள். அட்டையில் எழுதியவர் பெயர் இல்லை! ஷெல்லிதான் எழுதியிருப்பார் என்று பலர் நினைத்தனர். இரண்டாம் பதிப்பு வந்த 1823ல்தான் மேரியின் பெயர் அச்சானது. அதே ஆண்டில், இந்தக் கதை லண்டனில் நாடகமானது. நாடக அறிவிப்பில் பூதத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். நாடகம் பார்க்கப் போன மேரிக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஆனால், மேரியின் வாழ்க்கையில் துயரம் அதிகம். பெற்ற நான்கு குழந்தைகளில் மூவரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். 1822ல், இத்தாலிக் கடலில் படகு மூழ்கி ஷெல்லி இறந்தார். அப்போது மேரிக்கு வயது 24. அவர் சோர்ந்து உட்காரவில்லை. மகனுடன் இங்கிலாந்து திரும்பி, கதை, கட்டுரை, பயண நூல் என்று எழுதிச் சம்பாதித்து அவனை வளர்த்தார். கணவரின் கவிதைகளையும் தேடித் தொகுத்து வெளியிட்டார். 1851 பிப்ரவரி 1ல், தமது 53ம் வயதில் காலமானார்.

1910ல் இந்தக் கதை முதன்முதலாகத் திரைப்படமானது. 1931ல் ஹாலிவுட்டில் வந்த படம் உலகப் புகழ் பெற்றது. பூதமாக நடித்தவர் போரிஸ் கார்லாப். அந்தப் படத்தில் பூதம் பேசாது. ஆனாலும், ஒரு சிறுமி பூ ஒன்றை நீட்டியதும் அதன் முகத்தில் பூக்கும் சிரிப்பு, அதற்கும் மனசு இருப்பதைக் காட்டிவிடும். அந்தப் படத்தின் தொடக்கத்தில் பூதமாக நடித்தவர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான் வரும். கதாசிரியர் பெயரோ, திருமதி ஷெல்லி என்று கணவர் பெயரால்தான் இருக்கும். மேரி என்ற பெயர் அங்கே இல்லை!

பூதத்தின் முகம் பயங்கரமாக இருந்ததால் அது கெட்டதாகவில்லை. அன்பாக ஒரு பெயர் சொல்லி அழைக்க ஒருவர்கூட இல்லாததால்தான் கெட்டது.

குட்டீஸ், உங்கள் வகுப்பிலும் 'குண்டா', 'குள்ளா' என்று கேலிப் பெயரால் மட்டுமே அழைக்கப்படும் நண்பர் இருக்கிறாரா? நாளைக்கு அவரை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டுப் பாருங்கள். அந்த முகத்தில் வரும் சிரிப்பைக் கவனியுங்கள்!