மகிழ்ச்சிக்குக் கணக்கெழுதிய கலீபா

உலக மக்களின் மகிழ்ச்சியை அளப்போர் இன்று ஓர் ஏணியைக் கையாளுகின்றனர். அமெரிக்க உளவியலறிஞர் ஹாட்லி கன்ட்ரில் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ஏணி அது. அடிப்படி பூச்சியம், உச்சிப்படி பத்து. உமது வாழ்வு எந்தப் படியில் நிற்கின்றது என வினவி, கூறும் விடையைக் குறித்துக்கொள்வர். இம்முறையைப் பற்றி வாசிக்குந்தோறும், எவரும் வினவாமலே தம் மகிழ்ச்சிக்குத் தாமே கணக்கெழுதிய மன்னரொருவர் என் நினைவுக்கு வருவார். ஸ்பெயினின் பெரும்பகுதியை ஆண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மானே அவர்.

அவர் பிறந்து சில வாரங்களுள் தந்தையார் உடன்பிறந்தவனாலேயே கொல்லப்பட்டார். பாட்டனாரின் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, 912இல், 21 வயதில், கோர்டோவா நகரில் அரியணை ஏறினார். அன்று நாடெங்கும் கிளர்ச்சி. பொபாஸ்த்ரோ மலைக்கோட்டையில் உமர் இப்னு ஹப்சூன் மூட்டிய கலகத்தை, அவன் மாண்டபின் மக்கள் தொடர்ந்தனர். 928இல் கோட்டை வீழ்ந்தது. மறுவருடம் கலீபா என்னும் பட்டத்தைச் சூடினார். 936இல் மதீனா அஸ்-ஸஹ்ரா என்னும் புதுநகரை எழுப்பத் தொடங்கினார். 961இல் மறைந்தார்.

மறைவின் பின் அவர் கைப்பட எழுதிய குறிப்பொன்று கிடைத்ததென அரபு வரலாற்றாசிரியர் கூறுவர். கவலையின் கலப்பேயில்லாத நாட்களை மட்டும் திகதியிட்டு அதிற் குறித்திருந்தாராம். சந்திர ஆண்டுக் கணக்கில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் நீண்ட ஆட்சியில் அத்தகைய நாட்கள் பதினான்கே!

உலகவாழ்வின் நிலையாமைக்குச் சான்றாக இதனைப் பிரசங்கிகள் எடுத்தாளுவர். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அவர் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி மிகக் கடுமையானது. ஒரு நாழிகைக் கவலையும் ஒரு நாள் முழுவதையும் கணக்கிலிருந்து தள்ளிவிடும். பொபாஸ்த்ரோவை வென்றபின் பகைவனின் புதைத்த உடலையும் தோண்டியெடுத்துக் காட்சிக்கு வைத்தார். அவ்வெற்றி நாள் பட்டியலில் இடம்பெற்றதோ? 939இல் சிமன்காஸ் போரில் தமது அல்குர்ஆன் பிரதியையும் கவசத்தையும் பகைவரிடம் இழந்து தப்பினார். அதன்பின் தாமே படைநடத்திச் சென்றதில்லை. சதிக் குற்றத்திற்காகச் சொந்த மகன் அப்துல்லாஹ்வுக்கு மரணதண்டனை அளித்தவரும் அவரே. இத்தகைய மனிதர் அத்தகைய விதியை வகுத்துக்கொண்டபின் பதினான்கு தேறியதே எனக்கு வியப்பு. ஏணியில் நிற்கச் சொல்லியிருந்தால் எட்டாம் படியைக் காட்டியிருப்பாரோ, என்னவோ!

இக்கதையை ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன், றோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய தம் பெருநூலில், 1788இல் வெளிவந்த பகுதியிற் சேர்த்தார். அடிக்குறிப்பில் தம்மைப் பற்றியும் பேசுகின்றார். தமது இன்பப் பொழுதுகள் கலீபாவின் எண்ணிக்கையைப் பெரிதும் விஞ்சுவன என்றும், அவற்றுட் பல அந்நூலை எழுதும் உழைப்பினாலேயே வாய்த்தன என்றும் தயங்காது எழுதினார். கலீபா எண்ணியது நாட்களை. கிப்பன் எண்ணியதோ மணிகளை.

நானும் ஒரு மாதம் குறிப்பேடு வைத்துப் பார்த்தேன். கலீபாவின் விதிப்படி ஒரு நாளேனும் தேறவில்லை. பின்பு கிப்பனின் வழியில் எழுதத் தொடங்கினேன். முதல் நாள் இரவே மூன்று வரிகள் சேர்ந்தன: விடியற்காலை வாசித்த நாற்பது பக்கங்கள், பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் கேட்ட நல்ல கேள்வி, மாலை மழை.