மணிக்கணக்கை எழுதிக் காட்டிய நர்சம்மா



இந்த வருஷ மலருக்கு ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி நான்தான் எழுதணும்னு எங்க குழுவில் சொல்லிட்டாங்க. பத்தாவதோட படிப்பை நிறுத்தினவள் நான். தீர்மான நோட்டு தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. யாரைப் பற்றி எழுதறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்போ, நர்சிங் படிக்கிற எங்க அக்கா பொண்ணு லீவுக்கு வந்தாள். அவள் பாடத்தில் வருகிற ஒரு அம்மாவின் கதையைச் சொன்னாள். கேட்டு முடிச்சதும் இவங்களைத்தான் எழுதணும்னு முடிவு பண்ணிட்டேன். அவங்க பெயர் மேரி அடிலெய்டு நட்டிங். உலகத்திலேயே முதல் நர்சிங் பேராசிரியர்.

அடிலெய்டு அம்மா 1858-ம் வருஷம் நவம்பர் 1-ம் தேதி கனடா நாட்டில் கியூபெக் பகுதியில் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தாங்க. வசதி குறைந்த குடும்பம். ஆனாலும் அவங்க அம்மா, பிள்ளைகளுக்குப் படிப்பும் பாட்டும் ஓவியமும் கிடைக்கணும்னு பாடுபட்டவங்க. அதனால் அடிலெய்டு அம்மா சின்ன வயசிலேயே இசை நல்லா கத்துக்கிட்டாங்க. நியூஃபவுண்ட்லாந்து என்கிற தீவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் பாட்டு டீச்சராகவும் இருந்தாங்க.

அப்புறம் அவங்க அம்மா நோயில் படுத்துட்டாங்க. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கிட்டது அடிலெய்டு அம்மாதான். 1884-ல் தாய் இறந்து போனாங்க. அந்த நாட்களில் அடிலெய்டு அம்மாவுக்கு ஒண்ணு புரிஞ்சுது. பாசம் இருந்தால் மட்டும் நோயாளியைப் பார்த்துட முடியாது, அதுக்கும் படிப்பு வேணும். நம்மில் எத்தனை பேர் மாமியாருக்கும் அம்மாவுக்கும் படுக்கையில் செய்திருக்கோம்! படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் போடணும்னு நமக்கு யார் சொல்லித் தந்தாங்க?

1889-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி புதுசா திறந்தாங்க. அதே வருஷம் அங்கே நர்சு பள்ளியும் ஆரம்பமாச்சு. அதில் முதல் செட்டிலேயே அடிலெய்டு அம்மா சேர்ந்தாங்க. அப்போ அவங்களுக்கு வயசு ஏறக்குறைய 31. இந்த இடத்தில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது தாண்டிட்டா நம்ம ஊரில் ஒரு பொம்பளையை இனி என்ன படிக்கப் போறேன்னு கேட்பாங்க. அவங்க வாழ்க்கை அங்கேதான் தொடங்குது.

1891-ல் படிப்பு முடிச்சாங்க. அதே ஆஸ்பத்திரியில் தலைமை நர்சு ஆனாங்க. 1894-ல் பள்ளியின் தலைவியாக இருந்த இசபெல் ஹாம்ப்டன் அம்மா கல்யாணமாகிப் போனதும், அந்தப் பொறுப்பு இவங்க கைக்கு வந்தது.

அந்தக் காலத்து நர்சு பள்ளிக்கூடம் எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் சொல்லணும். பேருக்குத்தான் பள்ளிக்கூடம். படிக்க வந்த பொண்ணுங்களை வச்சே வார்டு வேலை முழுசும் நடத்திக்குவாங்க. பெருக்குறது, துணி மாத்துறது, நோயாளியைக் கவனிக்கிறதுன்னு பகல் முழுக்க நின்னபடியே வேலை. எல்லாம் முடிஞ்சு களைச்சுப் போன பிறகு ராத்திரியில் பாடம். கேட்டால், சேவை செய்ய வந்தவங்க நேரம் பார்க்கலாமான்னு பேச்சு.

அடிலெய்டு அம்மா சண்டை போடலை, கண்ணீர் விடலை. கணக்கு எடுத்தாங்க. பல நர்சு பள்ளிகளில் இருந்து, பொண்ணுங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யறாங்கன்னு விவரம் கேட்டு வாங்கினாங்க. 1896-ல் நர்சு பள்ளித் தலைவிகள் கூட்டத்தில் அதை அறிக்கையா வச்சாங்க. பல இடங்களில் 10 மணி நேரத்துக்கும் மேல் வேலைன்னு தாளில் வந்த பிறகு யாரும் இல்லைன்னு சொல்ல முடியலை.

தன் பள்ளியிலும் மாத்திக் காட்டினாங்க. படிப்பை மூணு வருஷம் ஆக்கினாங்க. வேலையை ஒரு நாளைக்கு 8 மணி நேரமாகக் குறைச்சாங்க. மாணவிகளுக்கு மாசாமாசம் கொடுத்த சின்னத் தொகையை நிறுத்தினாங்க. இதைக் கேட்டப்போ எனக்கு மனசு ஒப்பலை. ஏழைப் பொண்ணுக்கு அந்தக் காசு பெரிசாச்சேன்னு தோணுச்சு. ஆனால் அந்தக் காசைக் காட்டித்தான் மாணவியை வேலைக்காரியா வச்சிருந்தாங்க. அதை நிறுத்திட்டு, உதவித்தொகை ஏற்பாடு செய்தாங்க. 1901-ல் இன்னொண்ணும் கொண்டு வந்தாங்க. வார்டுக்குள்ளே போறதுக்கு முன்னாடி ஆறு மாசம் உடம்பின் அமைப்பு, சுகாதாரம், நோயாளிக்கான சாப்பாடு எல்லாம் படிச்சுட்டுத்தான் போகணும். தெரியாத கையை நோயாளி மேல் வைக்கக் கூடாது என்பது அவங்க எண்ணம்.

இதுக்கு நடுவில் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் காலேஜில் 1899-ல் நர்சுகளுக்காக ஒரு வகுப்பு தொடங்கினாங்க. முதல் வருஷம் சேர்ந்தது ரெண்டே பேர். நம்ம குழு தொடங்கினப்போ கூட பன்னிரண்டு பேர் இருந்தோம்! அந்த வகுப்பை ஆரம்பிக்கப் பாடுபட்டவங்களில் அடிலெய்டு அம்மாவும் ஒருத்தர். 1907-ல் அங்கேயே பேராசிரியர் ஆனாங்க. அதுவரை எந்த நாட்டிலும் ஒரு நர்சு அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்கிற அம்மா கொடுத்த நன்கொடையால் 1910-ல் நர்சிங்குக்கும் சுகாதாரத்துக்கும் தனித் துறை வந்தது. 1925 வரை அதுக்குத் தலைவி இவங்கதான். ஆஸ்பத்திரி நர்சு மட்டுமில்லாமல் வீடு வீடாகப் போய் தாய் சேயைப் பார்க்கிற நர்சு, பள்ளிக்கூட நர்சு, நர்சுகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற டீச்சர்னு பல பேர் அங்கிருந்து உருவானாங்க.

கணக்கெடுக்கிற பழக்கத்தை மட்டும் விடவே இல்லை. நர்சிங் படிப்பு எந்த நிலையில் இருக்குன்னு நாடு முழுக்க விவரம் சேர்த்து எழுதினாங்க. அதை 1912-ல் அமெரிக்க அரசாங்கத்தின் கல்வித்துறையே வெளியிட்டது. லவீனியா டாக் என்கிற தோழியோட சேர்ந்து நர்சிங் வரலாற்றைப் பெரிய புத்தகமாகவும் எழுதினாங்க.

1944-ல் இவங்க பெயரிலேயே ஒரு பதக்கம் ஏற்படுத்தி, முதல் பதக்கத்தை இவங்களுக்கே கொடுத்தாங்க. 1948 அக்டோபர் 3-ம் தேதி, 89 வயசில் காலமானாங்க. இன்னைக்கு எங்க அக்கா பொண்ணு காலேஜில் உட்கார்ந்து நர்சிங் படிக்கிறாள்னா, அந்த வழியில் முதல் முள்ளை எடுத்துப் போட்டவங்களில் இவங்களும் உண்டு.

இதைக் கேட்ட மறுநாள் நான் ஒரு வேலை பண்ணினேன். கிழிச்ச காலண்டர் தாளின் பின்பக்கம், காலையில் எழுந்ததில் இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் செய்த வேலையை எல்லாம் நேரத்தோட எழுதினேன். 15 மணி நேரம் வந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசலை. ரெண்டு முறை படிச்சார். அடுத்த நாளில் இருந்து தண்ணி பிடிக்கிறது அவர் வேலை ஆயிடுச்சு.

சகோதரிகளே, சேமிப்பையும் கடனையும் ஒரு ரூபாய் விடாமல் எழுதத் தெரிஞ்சவங்க நாம். நம்ம உழைப்பையும் ஒரு நாள் எழுதிப் பாருங்க. உங்க வீட்டுப் பொண்ணு மேலே படிக்கணும்னு கேட்டால் தடுக்காதீங்க. நீங்களே படிக்கணும்னு ஆசைப்பட்டால் வயசை எண்ணாதீங்க. அடிலெய்டு அம்மா தொடங்கினப்போ அவங்களுக்கு 31.